பக்கத்தில் ஓர் இடம்

புளியமரத்தில் ஏறி ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டிருந்த சக்கரபாணிக்கு, கீழே பந்தலில் கிடத்தியிருந்த அண்ணன் விருத்தாசலத்தின் முகம் நன்றாகத் தெரிந்தது. செத்த பிறகும் ஊரே அவரைச் சுற்றித்தான் நின்றது. அதுகூட இவனுக்குப் பொறுக்கவில்லை.

இருவருமே மைக் செட்காரர்கள். அண்ணன் திண்டிவனத்தில், தம்பி விழுப்புரத்தில். அறுபத்திரண்டு எலெக்‌ஷனில், தம்பியிடம் புத்தம்புது ஆம்ப்ளிபயர் இருந்தும், விழுப்புரத்துக் கூட்டத்துக்கே அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். மேடையில் எவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் குழாய் கரகரக்காது. எவன் முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். "கைன்னா அது விருத்தாசலம் கை" என்பார்கள். தம்பிக்கு வயிறு எரியும்.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டும் பார்த்தான்.

"சத்தம் எதுக்கு மேல போனா வால்யூம் திருகைத் தொடணும், எம்மாம் கொறைக்கணும், எப்ப புடிக்கணும், எப்ப உடணும். நாலுதான்டா. வா, பக்கத்துல வந்து குந்து, தெரியும்" என்றார் அண்ணன்.

இவன் போய் உட்காரவில்லை. அண்ணன் மேடைக்கு முன்னால் மண்ணில் சப்பணமிட்டு உட்காருவார், கூட்டம் தன்னைப் பார்க்கவேண்டும் என்ற பவிசுக்கு. அப்படித்தான் நினைத்திருந்தான். இவனுக்கு மேடைக்குப் பின்னால் நாற்காலி, கண் திருகின்மேல். கத்தல் வெடித்த பிறகே இவன் கை குறைக்கும். அதற்குள் அடுத்த சொல் அமுங்கிப்போகும். ஐந்தாவதாக எதையோ அண்ணன் மறைத்துவிட்டார் என்றே நம்பினான்.

இன்றைக்கு ஒருவராவது தன் கையைப் பாராட்டவேண்டும். அதற்காகவே வேறு யாரையும் செட்டைத் தொட விடவில்லை.

"மைக்கு வேணாம் தம்பி, கூச்சமா கீது" என்றாள் அண்ணி தையல்நாயகி.

"ஊருக்கெல்லாம் செட்டு கட்னவரு அண்ணி. அவர சும்மாவா அனுப்பறது?"

பந்தலில் வேறு இடமில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்து, மைக்கை அண்ணி முன்னால் வைத்துவிட்டு, ஆம்ப்ளிபயரோடு அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தான். ஒப்பாரியை முனகலாகத் தொடங்கினாள். திருகை ஏற்றினான். சட்டென்று அவள் தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப்போகிறாள் என்று தெரிந்தது. கை முன்கூட்டியே குறைத்தது. அலறல் வந்தது, குழாய் கரகரக்கவில்லை. அவள் மூச்சு அடங்க அடங்க மெதுவாக ஏற்றினான். விக்கல்கூட மரத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

அண்ணன் முன்னால் உட்கார்ந்தது கூட்டத்துக்காக அல்ல, பேசுகிறவன் கழுத்துக்காக. இத்தனை வருஷமும் அவர் எதையும் மறைக்கவில்லை.

மயிலத்துப் பந்தல்காரர் முருகையன் பின்னால் யாரிடமோ சொன்னார்: "கண்ணை மூடிக்கினா விருத்தாசலமே குந்திக்கினு கீறாப்புல இருக்கு."

இன்றைக்கும் அவர் பெயர்தான். வயிறு எரிந்தது. கண்ணும் எரிந்தது.

பாடையைத் தூக்க ஆட்கள் எழுந்தார்கள். "தம்பி, வா, தோள் குடு" என்றார் முருகையன். அண்ணியின் குரல் நின்றுவிட்டது. சக்கரபாணி திருகிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது.