இரண்டாவது டிக்

நான் கொஞ்சம் வாயாடி. அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு போன் கம்பெனிக் கடையில் நான் போட்ட சத்தத்தில் ஒரு நியாயம் இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லும்மா," என்றேன் கவுண்டரில் இருந்த பெண்ணிடம்.

"அக்கா, இந்த மாசத்துலேருந்து எல்லா நம்பருக்கும் டேட்டா கட்டாயம். பேசறதுக்கு மட்டும்னு இருந்த பிளானை எடுத்துட்டாங்க. நீங்க யூஸ் பண்ணினாலும் பண்ணலேன்னாலும் அந்த சார்ஜ் சேர்ந்துதான் வரும்."

"நெட்டே வேணாம்னு சொல்றவங்க தலையிலயும் கட்டுவீங்களா? சாப்பிடாத சாப்பாட்டுக்கு யாராவது காசு குடுப்பாங்களா? நல்லா இருக்கே உங்க நியாயம்!"

"வேணாம்னா லைனை மூடிடலாம்க்கா."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இந்த நம்பர் யாரோடதுன்னு தெரியுமா உனக்கு? எங்க அண்ணனோடது. அவன் உயிரோட இல்ல. செத்துப் போனவன் நெட்டு போட்டு எதைப் பார்க்கப் போறான், சொல்லு!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுண்டர் பெண் கம்பெனி சொல்லிக்கொடுத்த குரலில், "சாரிக்கா. அப்படின்னா இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க, உடனே நிறுத்திடறோம்," என்றாள்.

நிறுத்தத்தான் முடியாதே. அண்ணன் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் கிரேன் மெக்கானிக். அங்கேதான் தவறி விழுந்தான். அவனுக்கு வரவேண்டியதை வாங்குவதற்குள் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் நாயாய் அலையவிட்டார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் ஓடிபி அவன் நம்பருக்குத்தான் வரும். அதனால் அந்த போனை என் கடை மேஜை டிராயரில் சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். ஆனால் இதெல்லாம் ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மையான காரணம் அம்மா.

அண்ணன் செத்தது அம்மாவுக்குத் தெரியாது.

அவன் விழுந்த அதே வாரம்தான் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். அம்மா ஐசியூவில் இருக்கும்போதே இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. "இப்ப இதைச் சொன்னா தாங்க மாட்டாங்க, கொஞ்சம் தேறட்டும்," என்றார் டாக்டர். தேறட்டும் என்று தள்ளிப்போட்டோம். வீட்டுக்கு வரட்டும், நடக்கட்டும், அடுத்த செக்கப் முடியட்டும் என்று நாள் ஓடிவிட்டது. பொய் சொல்வது முதல் தடவைதான் கஷ்டம். பிறகு அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும், நாம் சோறு போட வேண்டியதுதான்.

அந்தப் பொய்க்குத் துணை நின்றது அண்ணனேதான். அவன் எச்சில் கையால் காக்கா விரட்டாத கஞ்சன். மேடையில் கம்பெனி தரும் ஓசி வைஃபை இருந்தால் பேசுவான், இல்லாவிட்டால் கிடையாது. சொந்தக் காசில் நெட் போட்டதாகச் சரித்திரமே இல்லை. "வைஃபையை எடுத்துட்டாங்களாம்மா, கடல்ல சிக்னலும் இல்லையாம்," என்று நான் சொன்னதும் அம்மா சந்தேகமே படவில்லை. "அவனா, நெட்டுக்குக் காசு போடுவான்!" என்று சிரித்தாள். அம்மா கூப்பிட்டால் மட்டும் அந்த போன் அடிக்காதபடி நான் தடுத்து வைத்திருந்தேன். தினமும் காலையில் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, "இன்னும் ஒத்தை டிக்குதான்டி. போகல," என்பாள். அந்த ஒற்றை டிக்கில்தான் அம்மாவின் உயிரும் எங்கள் நிம்மதியும் தொங்கிக்கொண்டிருந்தன.

என் தொழில் வேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். இறந்தவர்களின் போட்டோவைத்தான் அதிகம் கொண்டு வருவார்கள். ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குவது என் கைவேலை. அண்ணன் படத்துக்கும் நல்ல தேக்குச் சட்டம் போட்டேன். போட்டு என்ன, மாட்டுவதற்குச் சுவர் இல்லை. கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால் துணி சுற்றி நிற்க வைத்திருக்கிறேன்.

கடைசியில் வயிற்றெரிச்சலோடு அந்தக் கட்டாயக் காசைக் கட்டினேன். கவுண்டர் பெண் ஏதோ தட்டிவிட்டு, "ஆக்டிவேட் ஆயிடுச்சுக்கா," என்றாள்.

டிராயரிலிருந்து எடுத்து வந்திருந்த அண்ணன் போன் என் கைப்பைக்குள் அதிர்ந்தது.

ஒரு தடவை அதிர்ந்து நிற்கவில்லை. விடாமல் அதிர்ந்தது. பையைத் திறந்தால் திரையில் அம்மா, அம்மா, அம்மா என்று ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் வாய்ஸ் மெசேஜ். நெட் ஸ்விட்சை அண்ணன் அணைத்ததே இல்லை. டேட்டா பேக்கே போடாதவனுக்கு ஸ்விட்ச் எப்படி இருந்தால் என்ன? அதைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

"அக்கா, யாருக்கா அது?" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

"அவனோட அம்மா."

அவள் கேட்காமலேயே போனை வாங்கி நெட்டை அணைத்துக் கொடுத்தாள். ஆனால் வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். தலை வாரி, நல்ல துணி உடுத்தி, ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்க்காத முகத்தோடு நின்றிருந்தாள்.

"ரெண்டு டிக்குடி! எல்லாத்துக்கும் ரெண்டு டிக்கு! பாரேன், பாரேன்!"

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "கரைக்கு வந்திருப்பான் போல," என்று உளறிவிட்டேன். நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

"கரைக்கு வந்துட்டானா? அப்போ கூப்பிடுவான்."

மத்தியானம் முழுவதும் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "எச்சக் கையோட எப்படி எடுக்கறது, அவன் பேசட்டும்," என்றாள்.

அவள் என்னதான் அனுப்பியிருக்கிறாள் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. சாயங்காலம் அண்ணன் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். அந்த மெசேஜ் செயலியைத் திறந்தால் சிலது கேட்கவில்லை, நெட் வேண்டும் என்றது. போட்டேன். காதோடு வைத்து அழுத்தினேன்.

"டேய் பெரியவனே, அம்மா பேசறேன். நீ கேட்க மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். அன்னிக்கு ஏதோ வேகத்துல சொல்லிட்டேன்டா. 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னு பெத்தவ சொல்லலாமா? என் வாய்ல மண்ணு விழ…"

அடுத்ததும் அதேதான். அதற்கு அடுத்ததும். கல்யாணப் பேச்சில் வந்த சண்டை அது. அண்ணன் முடியாது என்றான், அம்மா வாசலைக் காட்டினாள், அவன் பையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்வரை அம்மா அவனோடு பேசவும் இல்லை, மெசேஜ் அனுப்பவும் இல்லை. எத்தனை காலையாக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சமையலறையில் இருந்தபடி, ஏதோ ஊர்க்கதை பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கூடத்திலிருந்து ஒரு கூச்சல்.

"வந்துட்டான்! ஏய், பெரியவன் வந்துட்டான்! ஆன்லைன்ல இருக்கான்டி!"

கதவைப் படபடவென்று தட்டினாள். "எங்கடி போனே? சீக்கிரம் வா. நீலமாகுது! ஒவ்வொண்ணா கேட்கறான்டி!"

என் காதுக்குள் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான் செத்த அண்ணனாக நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கே அவன் எங்கோ உட்கார்ந்து கேட்பது போலத்தான் இருந்தது. பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவது போல் ஒரு குளிர். சத்தியமாகப் பயந்துபோனேன். போனையே மொத்தமாக அணைத்தேன்.

வெளியே தட்டல் நின்றது.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டான்," என்றாள். "எல்லாத்தையும் கேட்டான். ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டான்."

அன்றோடு அம்மா மாறிப்போனாள். போகாத மெசேஜ் அவளை ஒன்றும் செய்யவில்லை. போய்ச் சேர்ந்த மெசேஜ்தான் அவளை அரித்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மாத்திரையை வாயில் போடுவது போல் போட்டு, நான் திரும்பியதும் துப்பிவிடுவாள். "அவன் கோவம் நியாயம்தான். நான் சொன்னது சின்ன வார்த்தையா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். செக்கப்பில் டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, "என்ன நடக்குது வீட்ல? இப்படியே போனா நான் எதுக்கும் பொறுப்பில்ல," என்றார்.

"அவன் போன்லேருந்து ஒரு பதில் போட்டு விடேன்," என்றார் வீட்டுக்காரர். "பாவம், நிம்மதியா மாத்திரை போடுவாங்க."

போட்டேன். கடையில் உட்கார்ந்து, சட்டத்துக்கு நடுவே யாரோ ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, 'வேலை அதிகம்மா. நல்லா இருக்கேன். மாத்திரை போடு' என்று அண்ணனுக்காக எழுதி அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது.

"எழுத்தெல்லாம் வேணாம்டா கண்ணு. கோவமில்லேன்னு ஒரு வார்த்தை, உன் வாயால சொல்லிடு. அது போதும் அம்மாவுக்கு."

அவன் வாய்க்கு நான் எங்கே போவேன்? போனைக் கிளறினேன். சண்டைக்கு முன்னால் அவன் அனுப்பிய பழைய குரல்கள் கிடந்தன. ஒன்றில் "என்னம்மா, சாப்பிட்டியா? நான் நல்லாத்தான் இருக்கேன், நீ சும்மா புலம்பாதே," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். அதை அப்படியே மறுபடி அனுப்பினால் தீர்ந்தது. கட்டை விரலை அதன் மேல் வைத்தும்விட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இன்றைக்கு ஒன்று அனுப்புவேன், நாளைக்கு அம்மா ஏதாவது கேட்பாள், அதற்கு ஒரு பழைய குரல் தேடுவேன். அம்மா சாகிற வரைக்கும் அவனைச் சாகவிடாமல் வைத்திருப்பேன். என்னால் முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா மாத்திரைகளை வரிசையாகக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். மறைத்துக்கூடச் செய்யவில்லை.

"என்னம்மா பண்றே?"

"பெத்த பிள்ளைக்கே வேண்டாதவளாயிட்டேன். இந்த உசிரைப் புடிச்சு வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறேன்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், நாடி துடிக்கிறதா என்று பார்க்க.

"அம்மா, அண்ணன் இல்லம்மா. உனக்கு ஆபரேஷன் ஆன வாரமே போயிட்டான். கிரேன்லேருந்து விழுந்துட்டான். நாங்கதான் உங்கிட்ட மறைச்சோம். உன் மெசேஜை எல்லாம் கேட்டது அவன் இல்ல. நான்."

அம்மா கத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த கையில் நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்போ… எம்மேல கோவமில்லையா அவனுக்கு?"

"ஐயோ, இல்லம்மா! கோவமெல்லாம் என்னிக்கோ போயிடுச்சு. தினம் எனக்கு போன் பண்ணி உன்னைப் பத்தித்தான் கேட்பான். 'கிழவி எப்படி இருக்கா'ன்னுதான் ஆரம்பிப்பான். சத்தியமா சொல்றேன்."

அத்தனை நாள் பொய்க்குப் பிறகு அதுவும் கலப்படமில்லாத உண்மைதான். அம்மாவின் முகம் தளர்ந்தது. இத்தனை நாள் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி பெரிதாக மூச்சு விட்டாள். வீட்டுக்காரர் புது மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்து நீட்ட, குழந்தை மாதிரி வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு அழுதாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அவனுக்காக அந்த வீட்டில் நாங்கள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அழுகை ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவள் திடீரென்று கையை என்னிடமிருந்து உருவிக்கொண்டாள்.

"அப்போ நான் மன்னிப்புக் கேட்டது ஒண்ணுகூட அவன் காதுல விழலையா?"

நான் தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"சொல்லுடி. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேனே. அதுதான் அவன் கேட்ட கடைசிக் குரலா?"

ஏதாவது ஒன்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு பொய்க்கு இடம் இருக்கவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.