உயிரோடிருப்பவருக்கு இசை அஞ்சலி

என் மனுசன் வின்சென்ற் வாலிப வயதிலிருந்து தமிழில் அமெரிக்க மாட்டுக்காரர் பாடுகிற மாதிரிக் கன்ட்ரிப் பாட்டு எழுதுகிறார். புழுதி ரோட்டு, குதிரை, பிரிந்துபோன காதலி என்று ஒன்றும் குறைவில்லை. பிறந்தது மன்னாரில். அங்கே கழுதையைத் தவிர எதிலும் ஏறியிருக்கமாட்டார். இங்கே நோர்வேயில், நாங்கள் இருக்கும் அம்மருட்டில் பனி கொட்டினாலும் தலையில் அந்த அகலத் தொப்பிதான். ஆனால் கட்டின பெண்டாட்டிக்கு ஒரு பாட்டு எழுதவில்லை. கேட்டால், "உம்மைப் பற்றிச் சொல்ல ஒரு பாட்டுப் போதாதப்பா" என்று மழுப்புவார். எனக்கு அது ஆறாத எரிச்சல். யாரோ ஊர்பேர் தெரியாதவளுக்கெல்லாம் பாட்டு இருக்கிறது, எனக்கு இல்லை.

இந்த வருடம் இங்கே பிறந்த, சிநேகிதர் வீட்டுப் பிள்ளைகள் ரிஷிகேசனும் ஜெனிதாவும் அவருடைய பாட்டுகளைப் புதிதாகப் பாடி ஒரு இசைத்தொகுப்பு வெளியிடப் புறப்பட்டார்கள். நல்ல காரியம். பெருமைப்படுத்துவதைக் குறிக்கும் நோர்வேஜியச் சொல் 'ஹில்லெஸ்ட்'. அதற்குத் தமிழ் என்ன என்று போனிடம் கேட்டிருக்கிறார்கள். போன் 'அஞ்சலி' என்றது. உடனே அவருடைய கறுப்புவெள்ளைப் படத்தைப் போட்டு, கீழே 'வின்சென்ற் அவர்களுக்கு இசை அஞ்சலி' என்று எழுதி முகநூலில் விட்டார்கள்.

மத்தியானம் பக்கத்து ரொம்சோஸிலிருந்து என் சிநேகிதி விமலாதேவி அழுதுகொண்டு வந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சோறுகறியும் கையிலிருந்தது. கதவைத் திறந்ததே செத்தவர்தான்.

"ஐயோ முருகா!" என்று சுவரோடு சாய்ந்தாள்.

"உள்ளை வாரும் பிள்ளை. என்ன கறி?" என்றார் என் மனுசன். வெட்கமில்லாமல் கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிடவும் இருந்துவிட்டார்.

அப்போதுதான் லில்லெஸ்ட்ரோமிலிருந்து அவருடைய கிற்றார்க் கூட்டாளி அல்பிரட் போன் எடுத்தான். என்னைப் பேசவிட்டால்தானே!

"புளோறன்ஸ் அக்கா, இனி மறைச்சு என்ன? அந்த 'உதைக்கிற குதிரை' உங்களுக்கெண்டு எழுதின பாட்டு. தான் உயிரோடை இருக்குமட்டும் சொல்லாதை, கொன்றுபோடுவாள் எண்டவர்."

*உதைக்கும், கடிக்கும், ஊரைக் கூட்டும்,*
*வழி மறந்த இரவில் என்னை வீடு சேர்க்கும்.*

எத்தனை வருடமாகக் கோப்பை கழுவும்போது நான் முணுமுணுத்த பாட்டு! அந்தக் குதிரையை நினைத்து நானே பரிதாபப்பட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. கோபமும் சேர்ந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். மனுசன் தலையைக் குனிந்து கத்தரிக்காயை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அல்பிரட், உன்ரை அண்ணை இஞ்சை இருந்து சாப்பிடுறார்" என்று போனை வைத்தேன்.

பின்னேரம் ரிஷிகேசன் போனில் கெஞ்சினான். "சொறி அன்ரி. பேரை மாத்திப்போட்டம். இன்னும் ஒரு பாட்டுக்குத்தான் ஆள் இல்லை. 'உதைக்கிற குதிரை'. ஒருத்தருக்கும் அந்தத் தொண்டை இல்லை."

"நான் பாடுறன்."

மனுசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீரோ? ஏனப்பா?"

"குதிரையே பாடட்டும். மன்னார் ஆளாயிருந்தும் என்னைக் கழுதை எண்டு எழுதாமல் விட்டீங்களே, அதுக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."