இடப்பக்கம் திரும்பும் குமிழ்

12.08.1993, வியாழன்

இன்று ஒரு பிழை விட்டேன். இராசநாயகம் அண்ணையின் பேஸ் கிற்றாருக்கு நான் போட்டுக் கொடுத்த வொலியூம் கொன்றோல் சரியாக வேலை செய்யவில்லை. ஓரத்து வயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டால், இடக்கைக்காரருக்கு ஏற்றபடி குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பத்தான் திரும்புகிறது. ஆனால் அளந்து பார்த்துவிட்டு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே போட்ட வயரும் பிழை. சைக்கிள் டைனமோ வயர் கிற்றாருக்கு ஆகாது. ஒரு பிழை என்று எழுதத் தொடங்கினேன், இரண்டாகிவிட்டது.

பத்மாசினி கொப்பியை மூடி, விளக்குத் திரியைத் தணித்தாள். பகல் நடந்ததை இன்னும் விபரமாக எழுதியிருக்கலாம். எண்ணெய் போதாது.

ஒத்திகை உரும்பிராயில், கனகசபாபதியின் வெங்காயக் கொட்டிலில் நடந்தது. கனகசபாபதிதான் பாட்டுக் கோஷ்டியின் தலைவர், ஆர்மோனியமும் அவரே. ஜெனரேற்றர் வெளியே வாழையடியில் நின்று மண்ணெண்ணெய்ப் புகை கக்கியது. இராசநாயகம் கிற்றாரை மறுவளமாக மாட்டிக்கொண்டு நின்றான். மறுவளம் என்பது மற்றவர்களுக்குத்தான். அந்தக் கிற்றார் இடக்கைக்காரருக்கென்றே செய்தது. கப்பலில் வேலை செய்த மாமன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஏழு வருடமாக ஒழுங்காகத்தான் பாடியது. போன மாதம் கொன்றோல் கரகரத்துச் செத்துப்போனது. உள்ளே வயரின் றப்பர், தொட்ட இடமெல்லாம் மாவாய்க் கொட்டியது.

அவன் சின்ன விரலால் குமிழை ஒரு நெல்லளவு உருட்டினான். ஸ்பீக்கர் குமுறியது. கூரையில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கிய வெங்காயத்திலிருந்து சருகு கொட்டி, ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" கனகசபாபதி எழும்பிவிட்டார். "ஸ்பீக்கர் கிழிஞ்சால் ஆர் வாங்கித் தாறது? உன்ரை கொப்பரோ?"

"கொஞ்சந்தான் அண்ணை திருப்பினனான்."

"கொஞ்சம் திருப்பினால் கொட்டில் பறக்குது. மிச்சம் முழுக்கத் திருப்பினாலும் ஒரு மாற்றமில்லை. திருப்பாமல் விட்டால் குளவிக்கூடு மாதிரி இரையுது. என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்?"

வாசலில் நின்ற பத்மாசினி குறட்டை மறுகைக்கு மாற்றினாள்.

"ஞாயிறு கோயிலிலை பூங்காவனத் திருவிழா" என்றார் கனகசபாபதி, இப்போது சத்தத்தைக் குறைத்து. "சனி பின்னேரம் ஒருக்கால் ஜெனரேற்றர் போடுவன். அப்பவும் இந்தக் கூத்தெண்டால் பேஸ் வாசிக்கிற அந்தக் கோண்டாவில் பொடியனைக் கூப்பிடப்போறன், ராசு. கோவியாதை. கோயில் மேடையிலை இடக்கையாலை வாசிக்கிறான் எண்டு போன வருஷமே திருவிழாவுக்குக் காசு குடுக்கிற உபயகாரர் முணுமுணுத்தவை. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான். இந்த முறை என்னத்தைச் சொல்லுறது?"

இராசநாயகம் சருகைத் தட்டிவிட்டு, கிற்றாரைச் சாக்கில் சுற்றினான். அவன் நீர்வேலித் தோட்டங்களில் வாழைக்குலை ஏற்றி, திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் மிதிக்கிறவன். கோண்டாவில் பொடியன் ஒரு முறை மேடை ஏறினால் இறங்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். பிறகு குலை மட்டுந்தான்.

வெள்ளி காலை கொக்குவிலில், தான் வேலை செய்யும் றேடியோ திருத்தும் கடை திறந்ததும், பத்மாசினி முதல் வேலையாகப் பற்றரியை வாசலில் வெயிலுக்கு வைத்தாள். கடையில் இருந்த ஒரே பற்றரி அது, அதுவும் செத்துக்கொண்டிருந்தது. நன்றாகச் சூடேறினால், மீற்றர் முள் சற்று நேரம் ஒழுங்காக அசையும். தவிர்க்க முடியாத வேலைக்கு மட்டுந்தான் முதலாளி தியாகலிங்கம் அதை எடுக்க விடுவார்.

அவர் மறுபக்கத்தில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். டைனமோவில் பூட்டிய றேடியோ, சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி செய்தி வாசித்தது. சண்டையோடு கரண்ட் போன நாளிலிருந்து கடைக்கு வருவது பெரும்பாலும் இந்த வேலைதான்.

"என்ன, விஞ்ஞானி, இண்டைக்கும் கிற்றாரோ?"

"ஓம் அண்ணை. பழைய கொன்றோலைத் திறந்து பாக்கப்போறன்."

"வழமையான மாதிரி ஒட்டிக் குடன். அவன் மற்றப்பக்கம் திருப்பிப் பழகட்டும்."

அப்போதுதான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்த இராசநாயகம் அதைக் கேட்டுவிட்டான். "பெடலைப் பின்பக்கம் மிதிச்சால் முன்னுக்குப் போற சைக்கிள் ஒண்டு தாறன், தியாகண்ணை. வீட்டை போய்ச் சேருவியளோ?"

"வேலிக்குள்ளைதான் கிடப்பன்."

"நானும் பாட்டு நடுவிலை வேலிக்குள்ளைதான்."

பத்மாசினி பழைய கொன்றோலின் தகரத்தை நிமிர்த்தி மீற்றரைப் பூட்டினாள். பற்றரி கையைச் சுட்டது. முதலில் கடையிலிருந்த சாதாரண கொன்றோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அளந்தாள். முதல் பாதித் திருப்பலுக்கு முள் சோம்பலாக நகர்ந்தது, பிறகு ஓடியது. காதுக்குச் சத்தம் சீராக ஏறுவது போல் கேட்பதற்காகத் தொழிற்சாலையில் அப்படிச் செய்கிறார்கள். வயர்களை மாற்றி ஒட்டினால், ஓட்டம் தொடக்கத்துக்கு வந்துவிடும். நேற்று வெங்காயச் சருகு கொட்டியது அதனால்தான். பழையதை அளந்தாள். விட்டு விட்டுத்தான் முள் அசைந்தது. ஆனாலும் அது மறு ஓரத்திலிருந்து சோம்பலாகத் தொடங்கியது தெரிந்தது.

"சாமானே வேறை அண்ணை. எதிர்ப்பக்கத்துக்கெண்டே செய்தது. வயரை மாத்தி ஒண்டும் செய்யேலாது."

"உது கொழும்பிலையே தேடித்தான் எடுக்கவேணும்" என்றார் தியாகலிங்கம், சுற்றுவதை நிறுத்தாமல். "எடுத்தாலும் வவுனியாவிலை ஆமிக்காரர் விடுவாங்களே? ரோச் பற்றரியையே பறிச்சு வைக்கிறாங்கள்."

இராசநாயகம் வாசல் வாங்கில் குந்தியிருந்து, இடக்கைச் சின்ன விரலால் முழங்காலில் இல்லாத குமிழை உருட்டிக்கொண்டிருந்தான்.

பத்மாசினி தன் வகுப்புக் கொப்பியைப் புரட்டினாள். பின்னேரங்களில் அவள் போகும் இலத்திரனியல் வகுப்பில், நேற்று இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஸ்ரீரியோப் பாட்டுப்பெட்டி ஒன்றின் படத்தை எல்லோரும் வரைந்தார்கள். கரும்பலகையில் வெளிச்சம் குறைந்து வந்த நேரம். பலன்ஸ் குமிழை அவள் விளங்காமலே வரைந்திருந்தாள். ஒரு தண்டில் இரண்டு கொன்றோல். குமிழைத் திருப்பினால் ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தம் குறையும், மறுபக்கம் கூடும். இரண்டும் சீராக நடக்க வேண்டுமென்றால், ஒன்று வழமையானதாகவும் மற்றது எதிர்ப்பக்கத்துக்குச் செய்ததாகவும் இருக்க வேண்டும். அவள் படத்தைத் திரும்பவும் பார்த்தாள். பிறகு, சரியாக வரைந்தேனா என்று யோசித்தாள்.

"அண்ணை, ஆரிட்டையேன் பலன்ஸ் குமிழ் உள்ள பெரிய ஸ்ரீரியோப் பெட்டி இருக்கோ? கரண்ட் இல்லாமல் சும்மா கிடக்கிறதா?"

"கரண்ட் இல்லாமல் சும்மா கிடக்காத பெட்டி எங்கை இருக்கு?" என்று சிரித்தார் தியாகலிங்கம்.

இராசநாயகம் எழும்பிவிட்டான். "எனக்குத் தெரியும். நான் குலை ஏத்துற வீடு."

நீர்வேலியில் மகாதேவியின் வீடு வாழைத்தோட்டத்தின் நடுவே இருந்தது. அவள் முழுகிய தலையோடு நடு அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி மேசையில், கரையில் மயில் பின்னிய துணியால் மூடி இருந்தது. அதன் வயர் வளையமாகச் சுற்றி, சிவப்பு ரிபனால் கட்டப்பட்டிருந்தது.

"தம்பி, குலை நாளைக்கெல்லோ?"

"குலைக்கில்லை அம்மா." இராசநாயகம் விசயத்தைச் சொன்னான். அவசரத்தில் பாதியிலிருந்து தொடங்கியதால் பத்மாசினி திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள்.

"பெட்டியைத் திறக்கவோ? என்ரை மகன் பிரான்சிலையிருந்து கொண்டந்தவன். பிளேனிலை மடியிலை வைச்சுக்கொண்டு."

"இவ்வளவு பெரிசை மடியிலை வைக்கேலாதம்மா."

"ஏன், நீ பிளேனிலை போனனியோ?"

இராசநாயகம் தலையைச் சொறிந்தான். மகாதேவி பத்மாசினியின் பக்கம் திரும்பினாள். "உதில்லாட்டில் பெட்டி பாடாதோ பிள்ளை?"

"பாடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாய்ப் பாடும். ஒரு பக்கத்தைக் கூட்டிக் குறைக்கேலாது, அவ்வளவுதான்."

"நான் எந்தக் காலத்திலை கூட்டினனான்! தூசி தட்டேக்கை தொட்டதுதான்."

"ஆனால் அம்மா, ஒண்டு சொல்லவேணும்." பத்மாசினி தொண்டையைச் செருமினாள். "நான் நினைக்கிற சாமான்தான் உள்ளுக்கை இருக்கெண்டு எனக்கு நிச்சயமில்லை. சில பெட்டியிலை வேறை மாதிரி இருக்கும். கழட்டி அளந்தால்தான் தெரியும். அது இல்லையெண்டால் இருந்த மாதிரியே பூட்டிவிடுவன்."

"நிச்சயமில்லாமலே வந்து கேக்கிறியோ?"

"ஓம்."

மகாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்ரை முதலாளி வந்திருந்தால் நிச்சயமெண்டு சத்தியம் பண்ணியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே மயில் துணியை எடுத்து நாலாக மடித்தாள். "கழட்டு. சுவரிலை மட்டும் கரி பூசிப்போடாதை."

ஈயம் உருக்கும் ஒட்டுகோலை மகாதேவியின் அடுப்புத் தணலில் வைத்துச் சூடாக்கினார்கள். அது ஆறுவதற்குள் அடுக்களையிலிருந்து நடு அறைக்கு ஓடி வரவேண்டும். ஓடியது இராசநாயகம். இரண்டாவது ஓட்டத்தில் பலாலி ஆமி முகாம் பக்கம் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. மூவரும் அப்படியே நின்றார்கள். அது தூரப்போனதும், கோல் ஆறிவிட்டதால் அவன் திரும்ப அடுப்படிக்குப் போனான்.

கொன்றோல் கையில் வந்தது. கொப்பியில் வரைந்தபடியே ஒரு தண்டில் இரண்டு. பற்றரி பத்மாசினியின் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது, இன்னும் வெதுவெதுப்பு. முதல் கொன்றோலை அளந்தாள். வழமையானது. இரண்டாவதில் மீற்றரைப் பூட்டி, எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பினாள். முள் சோம்பலாக எழும்பியது. பாதி தாண்டியதும் ஓடியது. அவள் நம்பாமல் இன்னொரு தரம் திருப்பினாள். பிறகு இராசநாயகத்தைக் கொண்டும் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கோ?" என்றாள் மகாதேவி.

"இருக்கு."

பெட்டியின் உள்ளே வயர்களை நேரே இணைத்து மூடினாள். முன்முகத்தில் குமிழ் இருந்த ஓட்டைக்குப் பூவரசங்குச்சி ஒன்றைச் சீவி இறுக்கி, அதில் குமிழை மாட்டினாள். மகாதேவி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இறுக்கமாக் கிடக்கு. முந்தியும் இப்பிடித்தான்." பிறகு ரிபனை அவிழ்த்து, வயரின் நுனியைக் காட்டினாள். பிளக்கின் பித்தளைக் கால்கள் பச்சை பிடித்திருந்தன. "இது என்ன பிள்ளை, பாசி மாதிரி? கரண்ட் வாற அண்டைக்கு இதாலை பாடாமல் விட்டிடுமோ?"

"தேய்ச்சால் போயிடும் அம்மா. தேய்க்கிற தாள் கொண்டு வரேல்லை. ஞாயிறு காலமை வாறன்."

மகாதேவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இராசநாயகம் இடக்கையை நீட்டி, பிறகு மாற்றி வலக்கையை நீட்டினான்.

"எந்தக் கையெண்டாலும் வாங்கு. நீ ஊத்தாமல் குடிச்சால் சரி."

சனி பின்னேரம், ஒத்திகைக்கு முன்பே பத்மாசினி உரும்பிராய்க்குப் போய்விட்டாள்.

"மைக் வயரிலை ஒரு சாண் வேணும், அண்ணை."

"என்ரை மைக் வயரோ?" கனகசபாபதி நெஞ்சைப் பொத்தினார். "என்ரை கழுத்தை வெட்டன்!"

"உள்வயருக்கு மேலை வலை பின்னின வயர் வேறை எங்கையும் இல்லை. இரைச்சலை அதுதான் நிப்பாட்டும். உங்கடை வயரும் நுனியிலை அறுந்துதானே கரகரக்குது? அறுந்த இடத்துக்கு மேலாலை வெட்டித் திருப்பி ஒட்டித் தாறன். மைக்கும் நல்லாகும்."

அவர் யோசித்தார். பிறகு தானே கத்தி எடுத்து வந்து, விரலால் இரண்டு தரம் அளந்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வெட்டினார். பத்மாசினி அந்தத் துண்டால் பெட்டியின் எதிர்ப்பக்கக் கொன்றோலைக் கிற்றாருக்குள் ஒட்டி, மைக் வயரையும் திருப்பி ஒட்டினாள்.

ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமி, பிடித்துக்கொண்டது. இராசநாயகம் கிற்றாரை மாட்டினான். இரைச்சல் இல்லை. எல்லோரும் வெங்காயத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அவன் சின்ன விரலால் குமிழை ஒரு நெல்லளவு உருட்டித் தந்தியைத் தட்டினான். மெல்லிய சத்தம். இன்னும் உருட்டினான். கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல் சத்தம் ஏறி வந்து, கால்களில் அதிர்ந்தது. ஒரு சருகு கழன்று, ஆடி ஆடி இறங்கியது. அது பழைய சருகாக இருக்கலாம்.

கனகசபாபதி ஆர்மோனியத்தின் துருத்தியை விரித்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எண்ணெய் எரியுது. பிள்ளையார் பாட்டு."

"கோண்டாவில் பொடியன்?" என்றான் இராசநாயகம்.

"அவனை முன்னாலை இருந்து கேக்கச் சொல்லு."

இராசநாயகம் சிரித்தபடி வாசித்தான். எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்ற பிறகும், தந்தி சற்று நேரம் சத்தமில்லாமல் அதிர்ந்தது.

14.08.1993, சனி

கொன்றோல் சரி. வயரும் சரி. மேடையில் நெடுநேரம் வாசித்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு இன்னும் முழு நிச்சயமில்லை. ஆனால் இன்று நல்லாயிருந்தது. மைக்கும் இப்போது கரகரப்பதில்லை. அதை எழுத வேண்டியதில்லை, என்றாலும் எழுதுகிறேன்.

நாளை பூங்காவனம். அதற்கு முன்பு காலையில் நீர்வேலிக்குப் போவது. தேய்க்கிற தாளில் ஒரு துண்டு எடுத்து வைத்தாயிற்று. மகாதேவி அம்மாவின் பெட்டிப் பிளக்கின் கால்களைப் பச்சை போகும்வரை தேய்ப்பது. வயரைப் பழையபடி சுற்றி ரிபனால் கட்டுவது. கரண்ட் வந்தவுடன் பிளக்கைக் குத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.