தள்ளி உட்கார்ந்தவர்களின் பெஞ்ச்

நான்காம் வகுப்பின் கடைசி வரிசை பெஞ்ச், பள்ளி திறந்த கொஞ்ச நாளில் ஒரு முழம் வளர்ந்தது. அறுத்து இழைத்த மரம் எப்படி வளரும் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கு அன்று பேச வேறு விஷயம் இருந்தது: அந்த பெஞ்சின் சுவரோரத்தில் உட்காரும் பொடிசுக்கு எச்.ஐ.வி. இருக்கிறதாம். அவள் அப்பா அதில்தான் போனார், அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும் போனாள், பிறக்கும்போதே அது பிள்ளையையும் தொற்றிக்கொண்டது. மாத்திரையை வேளை தவறாமல் போட்டால் இவள் பேரன் பேத்தி எடுத்து அவர்களையும் அதட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்தாலோ கூடச் சாப்பிட்டாலோ யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதைக் கேட்க ஊருக்கு நேரமில்லை. "அவகிட்ட இருந்து தள்ளி உக்காரு" என்று வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பினார்கள். பக்கத்திலிருந்த பையன் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். பெஞ்சும் ஒரு முழம் நீண்டு, அவனைத் தன் மேலேயே வைத்துக்கொண்டது.

அதன் கணக்கு அவ்வளவுதான். அவளைவிட்டு யார் எவ்வளவு விலகினாலும் அவ்வளவு வளர்ந்து அவர்களுக்குக் கீழே வந்து நிற்கும். பிள்ளைகள் ஜன்னலோரம் போனார்கள், ஜன்னல் வரை வந்தது. வராந்தாவுக்கு மாறினார்கள், சுவரில் தனக்கு வேண்டிய வழியை மட்டும் செய்துகொண்டு, துளி சுண்ணாம்பு உதிராமல் வராந்தாவுக்கு வந்தது. தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதினார். தாங்கள் கொடுத்தது ஐந்தடி பெஞ்ச்தான், மிச்ச நீளத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மேலிடம் கைகழுவியது. தச்சரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார்கள். காலையில் பார்த்தால் தழும்புகூட இல்லாமல் ஒட்டியிருந்தது. "அறுக்கிறதோட என் வேலை முடிஞ்சுது சார். ஒட்டுறது அதோட இஷ்டம்" என்று தச்சர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெற்றோர்கள் பொடிசின் நிழலைக் கண்டாலே எதிர்ச் சாரிக்குப் போகிறவர்களாதலால், பெஞ்ச் வெகு சீக்கிரம் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிறகு காய்கறிக்காரர் அதன்மேல் கூடையை வைத்தார். சலூன்காரர் தன் உடைந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டு வாடிக்கையாளர்களை அதில் உட்காரவைத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் மதியம் அதில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் முதுகுப்பிடிப்பு விட்டுப்போவதாகச் சொல்ல, இடம்பிடிக்கத் துண்டு போடுகிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. வெளியூர்க்காரர் வழி கேட்டால் "பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே போங்க" என்றார்கள். அது எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் சௌகரியமாக மறந்துபோனது.

பொடிசுக்கு மிச்சமிருந்தது அம்மாவின் தம்பி ஒருவர்தான். விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர், கல்யாணமாகாதவர், ஊர் முழுக்க நாற்காலி மாமா. அவளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார். சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், மாத்திரைக்கு அலாரம் வைப்பார், அது அடிக்கும் முன்பே எழுப்பியும் விடுவார். ஆனால் நாற்காலிக் கடைக்குப் பின்னால் இருவரும் குடியிருந்த ஒற்றை அறையில் சாப்பாட்டு நேரம் வந்தால், அவளுக்குப் பரிமாறிவிட்டுத் தன் தட்டோடு பின்வாசலில் போய் நின்றுகொள்வார். "நாள் பூரா நாற்காலியோடதான் பொழப்பு. சாப்பிடும்போதாவது நிக்கிறேனே." பள்ளி விடுமுறையிலும் பெஞ்ச் வளர்ந்ததே, அது ஏன் என்று தலைமையாசிரியர் மண்டையை உடைத்துக்கொண்டார். கடை வழியாக உள்ளே வந்து, அடுப்பைத் தாண்டி, பின்வாசலில் மாமாவின் காலடி வரை அது நீண்டிருந்தது. அவர் ஒரு படி இறங்கி நின்று சாப்பிட்டார். அதுவும் ஒரு படி இறங்கியது. பொடிசுக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தள்ளி உட்கார்ந்தது ஒரு பக்கம், மாமா அந்தப் படியில் நின்றது ஒரு பக்கம். இதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

விடுமுறை முடிந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். பொடிசைத் தூரத்து நகரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் விடுதிக்கு அனுப்ப வேண்டும், அதுதான் பேச்சு. போனால் வருஷத்துக்கு ஒருமுறைதான் மாமாவைப் பார்க்க முடியும். மாமா முந்திக்கொண்டு பள்ளி மைதானத்தில் தன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார். அந்தப் பிள்ளை தொட்டிருக்குமே என்று அவற்றைச் சுற்றிக்கொண்டு போன பெற்றோர்கள், வழக்கப்படி, மைதானத்தைக் கடந்து கடைத்தெருவுக்குப் போகும் பெஞ்சில் போய் வசதியாகச் சாய்ந்தார்கள். தையல்காரர் மனைவி ஆரம்பித்தாள். ஊர் அவளை ஒலிபெருக்கி என்று கூப்பிடுவது சும்மா இல்லை.

"எவ்வளவு நாள் சார் பொறுத்துக்கிறது? எங்க பிள்ளைங்க அவகூட ஒரே பெஞ்ச்ல உக்கார மாட்டாங்க. இல்ல, நாங்களும்தான் உக்காருவோமா?"

வகுப்பு ஜன்னலிலிருந்து பொடிசு எட்டிப் பார்த்தாள். "அத்தை, நீங்க உக்காந்திருக்கிறதும் அதே பெஞ்ச்தானே?"

ஒலிபெருக்கி பாதி எழுந்து அப்படியே நின்றாள். முழுக்க எழுந்தால், இத்தனை மாதமாகத் தினமும் அதில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசியதை என்ன செய்வது? தபால்காரர் கொட்டாவி விட்டார். "நான் இதுலதாம்மா தூங்கறேன். எனக்கு என்ன ஆச்சு, குறட்டைதான் கூடியிருக்கு." அவள் மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார்; அவரும் அதில்தான் இருந்தார். விடுதிப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்றார். யாரும் மறுக்கவில்லை.

"பாத்தீங்களா! அத்தனை பேரும் உக்காந்தவங்கதான்!" காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று மாமா கை தட்டினார்.

"ஆமா மாமா. நீங்க ஒருத்தர்தான் இன்னும் உக்காரவே இல்ல" என்றாள் பொடிசு.

மாமாவின் கைகள் தட்டிய வாக்கிலேயே நின்றுவிட்டன.

அவர் ஒரே நாளில் தைரியசாலியாகிவிடவில்லை. அன்று சாயங்காலம் தட்டோடு உள்ளே வந்து, பெஞ்சின் விளிம்பில், எந்நேரமும் எழுந்துவிடுகிறவரைப் போல உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றார். அன்றைய சமையலில் வெங்காயமே இல்லை. மறுநாள் கொஞ்சம் நகர்ந்து வந்தார், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பெஞ்ச் வந்த நீளத்திலேயே இருந்துவிட்டது. ஊர் அதற்கு வருஷாவருஷம் வார்னிஷ் அடித்தது. எப்போதாவது அது ஒரு சாண் வளர்ந்தால், ஊருக்குப் புதுசாக யாரோ குடிவந்திருக்கிறார்கள் என்று காய்கறிக்காரர் கூடையை நகர்த்தி வைத்துக்கொள்வார்.

பொடிசு ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், ஒரு மழை நாளில், இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கை இடிக்குது" என்றாள். மாமா ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பின்வாசல் பக்கம், பெஞ்சின் நுனியைப் பார்த்தார்கள். பெஞ்ச் வளரவில்லை.