ஸலாமுக்குப் பிறகும் ஓடிய நாடா

பதுளை பஸாரில் புஹாரியின் தையல் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் கழகம் கூடிய காலம் அது. கழகம் என்றதும் பெரிய சங்கமென்று நினைத்துவிட வேண்டாம். கூட்டாளி பலீலின் மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் ஒன்று, பழைய டீவி ஒன்று, ஐந்தாறு பேர், அவ்வளவுதான். எழுதிய புரோகிராமைப் பாட்டுக் கேட்கிற கெசட் நாடாவில்தான் பதிய வேண்டும். புஹாரியிடம் கெசட் ரேடியோ இருந்ததால் அவனும் அங்கத்தவன் ஆகிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே மையத்து கிடக்கும் சாவு வீட்டின் அமைதி. கழகத்தின் ஒரே கெசட்டில் பலீல் வீட்டில் யாரோ ரேடியோப் பாட்டுகளைப் பதிந்துவிட்டார்கள். லுணுகலைத் தோட்டத்து ஆபீஸ் கிளார்க் மாரிசாமி, வாராவாரம் பஸ் ஏறிவந்து அடித்த புரோகிராம் அத்தனையும் போயிற்று.

“கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரந்தான்,” என்றான் மாரிசாமி. “இனிமே எதையும் ரெண்டு கெசட்டுல எடுக்கணும். எடுத்தத கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேக்கணும். பொறகு முதுகுல இருக்கிற இந்தச் சின்னத் தகட்ட ஒடச்சிட்டா, அதுமேல ஒருத்தரும் பதிய முடியாது.”

புஹாரி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கே றியாத்திலிருந்து வந்த கெசட் இருந்தது. பிள்ளையை இவனிடம் விட்டுவிட்டு அங்கே வீட்டு வேலைக்குப் போன மனைவி ஸகீனா அதில் பேசி அனுப்புவாள். அதே கெசட்டில் அவள் குரலின் மேலேயே இவன் பதில் பேசித் திருப்பி அனுப்புவான். ஒரே கெசட் போய் வரட்டும், உங்கள் கைபட்டது என் கைக்கு வரட்டும் என்பது அவளுடைய ஆசை. நாளைக்கும் அனுப்ப வேண்டும். மூன்று வருடமாக அவள் குரலைத் தானே அழித்துவந்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“மாரிசாமி, இதயும் ரெண்டா எடுக்க ஏலுமா?”

மாரிசாமி பலீல் வீட்டு ரெக்கோடரை வாங்கிவந்து, புஹாரியின் ரேடியோவோடு வயரால் இணைத்து, பஸாரில் வாங்கிய புதுக் கெசட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தான். விஷயம் புரிந்தவன். “நாங்க கீழ போயி தேத்தண்ணி குடிச்சிட்டு வாறோம். நடுவுல நிப்பாட்டிறாதீங்க, புஹாரி நானா.”

புஹாரி பிரதியை ஓடவிட்டான். வேலையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட்டு ஸகீனா ஸலாம் சொல்லி முடித்தாள். வழக்கம்போலக் கை பொத்தானுக்குப் போனது. மாரிசாமியின் பேச்சு நினைவுக்கு வர, கையை எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மறுபடியும் ஸகீனா. ஆனால் இது பழைய குரல், அழுது கம்மிய குரல். போன புதிதில் நாடா தீரும்வரை பேசி அனுப்பினாளே, அதன் மிச்சம்.

“புள்ள ராவையில எழும்பினா என்னயத் தேடும். நீங்களும் சும்மா ஈக்காம ஏதாலும் கதைங்க. ஒங்கட சத்தத்தக் கேட்டாத்தான் எனக்கு நித்திர வரும்...”

‘எல்லாரும் சொகம்’ என்று இரண்டு வார்த்தையில் முடிக்கிற ஆள் புஹாரி; அவளும் வரவரச் சுருக்கிக்கொண்டாள். அதனால்தான் இந்தக் குரல் பிழைத்துக் கிடந்தது. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் அவன் பதில் முடிந்ததும், றியாத்தில் அவள் கேட்டது அவளுடைய குரலையேதான். ஒரு நாளும் அவள் குறை சொன்னதில்லை.

துணி வெட்டும் கத்தரிக்கோலின் நுனியால் பிரதியின் தகட்டை உடைத்தான். அவள் அனுப்பிய கெசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் போட்டுப் பதியும் பொத்தானை அழுத்தினான். தொண்டையைச் செருமினான். கூரைத் தகரத்தில் மழை தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை. நாடா சுற்றிக்கொண்டே இருந்தது, அவன் நிறுத்தவில்லை.