வண்டியின் மேல்துணி

அப்துல் லத்தீப் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அம்பாசிடர் காரின் உள்கூரையில் கட்டியிருந்த மேல்துணி கிழிந்து கையோடு வந்தது. அதன் பின்னாலேயே பல வருஷத்துத் தூசியும் கொட்டியது. பின்கதவருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கனகலட்சுமியின் தலையிலும் தோளிலும் பழுப்பாகப் படிந்தது.

"தள்ளி நில்லுங்கன்னு சொன்னேன்லக்கா," என்றார் லத்தீப். "துணி பூராம் மக்கிப்போச்சு. ஒட்டுப்போட்டா நிக்காது. புதுசாத்தான் தைக்கணும்."

"புதுசே போடுங்க பாய். ஆனா இன்னைக்கே வேணும்."

"சாயங்காலம் ஆயிரும்க்கா."

"ஆகட்டும். இங்கனயே இருக்கேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே இருந்தது லத்தீப்பின் குஷன் கடை. ஏதோ வேனிலிருந்து கழற்றிய சீட் ஒன்று வாசலில் கிடந்தது. கனகலட்சுமி அதில் உட்கார்ந்து முந்தானையால் தலையைத் தட்டிக்கொண்டாள்.

அந்தத் துணி தொய்ந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. வண்டி குலுங்கினால் தலையில் வந்து இடிக்கும். கனகலட்சுமி ஊக்கு ஊக்காகக் குத்தி வைப்பாள். சரிபண்ணலாம் என்று சொன்னபோதெல்லாம், "பெறகு பாத்துக்கிருவோம்" என்றுதான் அவள் புருஷன் அழகுராஜா சொன்னார். பிறகு அவருக்கே முடியாமல் போனது. ஈரல் கெட்டுவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நாகமலை புதுக்கோட்டையில் அவர்களுடைய வீட்டு முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பேச்சு குறைந்துவிட்டது. அப்படிப்பட்டவர் இன்று காலையில் கஞ்சி வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்.

"கனகம், வண்டியில ஒரு தடவ போகணும். பின் சீட்டுல படுத்துட்டே போகணும். அந்தத் துணி மூஞ்சியில விழுகக்கூடாது. இன்னைக்கே மாத்திட்டு வா."

"சுபாவ அனுப்புறேன். நான் உங்க பக்கத்துல இருக்கேன்."

"அவளுக்கு என்ன தெரியும்? நீ போ. கூடவே நின்னு பாரு."

வாரக்கணக்கில் எதையும் கேட்காத மனுஷன் கேட்டுவிட்டார். மகள் சுபலட்சுமியிடம் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு அவளே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லத்தீப் கூரைக்கடியில் குறுக்காகப் போன கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துரு தேய்த்தார். சாம்பல் நிறத் துணியை அளந்து வெட்டி, கம்பி நுழைகிற அளவுக்குப் பட்டி வைத்துத் தைத்தார். மத்தியானத்துக்குள் சுபா இரண்டு முறை போன் பண்ணிவிட்டாள்.

"எதுவரைக்கும்மா வேல நடந்திருக்கு?"

"இப்பத்தான் தச்சிருக்காக. அப்பா என்ன பண்றாரு?"

"நல்லா இருக்காரும்மா. நீ அவசரப்படாத, நின்னு நெதானமாப் பண்ணச் சொல்லு."

பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்களே ஓட்டுறீகளேக்கா, எப்பப் பழகுனது?" என்று கேட்டார் லத்தீப், கம்பியைப் பட்டிக்குள் நுழைத்தபடி.

"மக சின்னப் பிள்ளையா இருக்கையில. அவரு சொல்லிக்கொடுத்தாரு. இதே வண்டிதான்."

டி. கல்லுப்பட்டி பக்கம் அவர்கள் கூட்டுக்குடும்பமாக இருந்த காலம் அது. சுபாவுக்கு மூன்று வயது. கனகலட்சுமி ஐந்து மாதக் கர்ப்பம். கண்மாய்க்கரை வரைக்கும் ஓட்டிவிட்டு ஊருக்குள் திரும்பிய வண்டியை டீக்கடை முன்னால் மறித்து நிறுத்தினார் அழகுராஜாவின் அண்ணன் விருமாண்டி. வீட்டுப் பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று கத்தியபடி, கதவைத் திறந்து அவளுடைய கொண்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். விழுந்த இடத்தில் கல் கிடந்தது. கருவிலிருந்தது ஆண் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளுடைய வெறும் வயிற்றில் கையை வைத்து அழகுராஜா சொன்னார்: "என் பொணம் விழுந்தாலும் அவன் நம்ம வாசப்படிய மிதிக்க மாட்டான்."

அப்படியேதான் நடந்தார். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வந்தார். சமாதானம் பேச வந்த சொந்தக்காரர்களைக் காபி கொடுத்து அனுப்பினார். கல்யாண வீடுகளில் அண்ணன் ஒரு வாசலில் வந்தால் இவர் மறுவாசலில் இறங்கினார். கனகலட்சுமி அவரிடம் நகை கேட்டதில்லை, சொந்த வீடு கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினாள்.

துணியை முன்பக்கம் இழுத்துப் பசை தடவிக்கொண்டிருந்தபோது மூன்றாவது போன் வந்தது. சுபாதான். அழுதாள்.

"ஒடனே வாம்மா."

"நான் ஓட்டிட்டு வாரேன்க்கா," என்று பதறினார் லத்தீப்.

"வேணாம் பாய். நான் போயிருவேன்."

ஒட்டாமல் கிடந்த முன்பக்க ஓரத்தை லத்தீப் நாலைந்து கிளிப் மாட்டி நிறுத்தினார். காளவாசலைத் தாண்டும்போதே கிளிப்புகள் தெறித்துவிட்டன. பசையோடு துணி அவள் தலைமேல் இறங்கியது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நாகமலை வரை ஓட்டினாள்.

வாசலில் பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. யாருடையது என்று யோசிக்க நேரமில்லாமல் தாண்டிப் போனாள்.

கட்டிலில் காலை மடக்கி விருமாண்டி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, தோள் ஒடுங்கியிருந்தார். அவருடைய மடியில் தம்பியின் தலை இருந்தது. கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். சுபா பெரியப்பாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

"கனகம்..." என்று விருமாண்டி வாயெடுத்தார். "தம்பிதான் என்னைய..."

"தலைய எறக்கி வைங்க," என்றாள்.

அவர் தலையணையை இழுத்து, தம்பியின் தலையை அதில் இறக்கி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கனகலட்சுமி கட்டிலில் உட்காரவில்லை. நின்றபடியே மகளைக் கேட்டாள்.

"எப்ப வந்தாரு?"

சுபா தரையைப் பார்த்தாள். "நீ கெளம்புன கொஞ்ச நேரத்துல."

"யாரு சொல்லி விட்டது?"

"நான்தாம்மா போன் பண்ணேன். அப்பா கெஞ்சுனாரும்மா. அண்ணனப் பாக்கணும், ஒங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு. சாகப்போற மனுசன்கிட்ட மாட்டேன்னு எப்படிம்மா சொல்றது?"

"ஒனக்கு எல்லாம் தெரியும்லடி."

"தெரியும்மா."

"பேசுனாரா?"

"பேசுனாரு. சின்னப் பிள்ளையில கெணத்துல குதிச்ச கதையெல்லாம்... சிரிச்சாரும்மா."

அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று கனகலட்சுமிக்கு நினைவில்லை. அந்தச் சிரிப்பு எப்படியிருந்தது என்று கேட்க நினைத்தாள். கேட்டது வேறு.

"என்னையத் தேடுனாரா?"

சுபா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டி முடிஞ்சிருச்சான்னு கேட்டாரு."

மறுநாள் காலையில் தெரு நிறைய ஆட்கள். டி. கல்லுப்பட்டியிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். விருமாண்டி பந்தல் காலைப் பிடித்து ஓரமாக நின்றார். உள்ளே வரவில்லை. சொந்தத்தில் மூத்தவரான தங்கப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளருகில் வந்து குனிந்தார்.

"ஆம்பளப் பிள்ள இல்லாத வீடு. விருமாண்டி மகன் சிவக்குமார் நிக்கிறான். கொள்ளி அவன் வைக்கலாமா, இல்ல சுபா வைக்கிறாளா? ஒன் வாயால ஒரு வார்த்த சொல்லு தாயி."

ஒப்பாரி நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுபா அவள் கையைத் தேடிப் பிடிக்க வந்தாள். கனகலட்சுமி தன் கையை விலக்கிக்கொண்டு, சரியாத முந்தானையைச் சரிபண்ணினாள்.

"என்னைய ஏன் கேக்குறீக? அண்ணனும் தம்பியும் நாள் பூரா ஒக்காந்து பேசியிருக்காக. அதையும் பேசி முடிச்சிருப்பாக."

பந்தல் காலோரம் விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டார். தங்கப்பாண்டி சிவக்குமாருக்குக் கண் காட்டினார்.

உடலை ஏற்றிய தேர் தெருமுனை திரும்பும்வரை பெண்கள் கூடவே போய்விட்டுத் திரும்பினார்கள். கனகலட்சுமி அழுதாள் என்றோ அழவில்லை என்றோ பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது.

தலைமுழுகிவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கொல்லைக் குழாயடியில் தாயும் மகளும் மிஞ்சினார்கள். சுபா செம்பில் தண்ணீர் மொண்டு அம்மாவின் தலையில் ஊற்றினாள். முடியில் உலர்ந்திருந்த பசையின் சிக்கு விடவில்லை. விரலால் அதை மெதுவாகப் பிரித்துவிட்டபடியே, "அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

கனகலட்சுமி கையை நீட்டிக் குழாயை முழுக்கத் திறந்தாள். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் இரைந்து விழுந்தது. சுபாவின் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

வாளி நிறைந்து, காலடியில் வழிந்து, செம்பருத்திச் செடி வரை ஓடியது. இருவரில் யாரும் குழாயை மூடவில்லை.