மறைத்துத் தைத்த துணி

தையற்காரியின் மகள் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை; வீட்டில் அவளுக்கு 'விசில்' என்றே பெயர். குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாளே, முகம் தொங்கிப்போய்த் தாயின் கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, பிள்ளைங்களுக்குக் கயிறு தாண்டிக் காட்டினேன். நனைஞ்சிருச்சு."

"ஏன், மழையா?"

"கிண்டல் பண்ணாதம்மா. என்னையறியாம ஒண்ணுக்கு வந்துருச்சு."

தையற்காரிக்கு இது புதுச் செய்தியன்று. இவளைப் பெற்ற நாள் முதலாக இருமலுக்கும் தும்மலுக்கும் அஞ்சியே அவள் காலந்தள்ளி வந்தாள், எவரிடமும் மூச்சுவிட்டதில்லை. இப்போதும் சொல்ல நா எழவில்லை.

"பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் உள்ளதுதான்டி. இதுக்குப்போய் ஊரைக் கூட்டுவியா? அந்த பேண்ட்டக் குடு இங்க."

தன் உடைகளுக்குச் செய்துகொள்வதைப் போலவே, பருத்தித் துணியை அடுக்கடுக்காய் மடித்து, அடியில் நீர் ஊறாத துணியொன்றைக் கொடுத்து, வெளியே தையல் தெரியாமல் உள்ளே வைத்துத் தைத்தாள். அவள் கைவேலையில் அத்தனை கச்சிதமாக அமைந்தது வேறொன்றுமில்லை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

கண்ணில் படாததே வினையாயிற்று. விசில் முதலில் கயிறு தாண்டுவதை விட்டாள். பிறகு ஓடுவதை விட்டாள். வாய்விட்டுச் சிரிப்பதையும் விட்டாள். ஒவ்வொன்றையும் அவள் விடுந்தோறும் தாய் இன்னொரு மடிப்பைச் சேர்த்தாள். ஆண்டு முடிவில் மகள் தானாகவே தலைமையாசிரியரிடம் சென்று, மைதானம் வேண்டாம், நூலகம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மைதானத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தாயும் மகளும் போன இடத்தில், "இருமினா, தும்மினா கசியுதா?" என்று செவிலி பேச்சோடு பேச்சாய்க் கேட்ட கேள்வியொன்றுதான் இருவரையும் பிசியோதெரபி அறைக்கு அனுப்பியது. குழந்தை தள்ளுவண்டியில் உறங்கியது. பிசியோ பெண் மகளைச் சோதித்துவிட்டு நிதானமாக விளக்கினாள்.

"இடுப்புக்கு அடியில தொட்டில் மாதிரி தசை இருக்கு. சிறுநீர்ப்பை, கருப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல அது இழுபட்டுத் தளர்ந்துரும். உங்களுக்குக் குழந்தைய ஆயுதம் போட்டு இழுத்து எடுத்ததுல இன்னும் கொஞ்சம் அதிகம். பயிற்சி செஞ்சா நிறைய பேருக்குக் குணமாகுது. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"தேவைப்படல. அம்மா தைச்சுக் குடுத்தாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னாள். பிசியோ பெண் அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, "என்ன நேர்த்தி!" என்றாள். தையற்காரி வாங்கிய பாராட்டுகளில் நெஞ்சைச் சுட்டது அது ஒன்றுதான்.

"திரும்ப ஓட முடியுமா?" என்று கேட்டாள் மகள்.

"முடியும்னுதான் நினைக்கிறேன். மாசக்கணக்கா விடாம செய்யணும்."

"ஓடலாம். மைதானம்தான் இப்ப என்னோடது இல்ல" என்று மகள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

தையற்காரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "எனக்கும் இருக்கும்மா. இவளப் பெத்ததுலேருந்து" என்றாள் பிசியோ பெண்ணிடம்.

மகள் மெல்லத் திரும்பினாள். "அதனாலதான் நான் படிக்கிறப்ப என் ஓட்டப்பந்தயம் எதுக்குமே வரலையா? கடையில வேலைன்னு சொன்னியே?"

"அவ்வளவு கூட்டத்துல ஏதாவது ஆகிப்போச்சுன்னா... மானம் போயிருமேன்னு பயந்துட்டேன்டி."

"கோட்டத் தொட்டதும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாப்பேன்மா, நீ வந்திருக்கியான்னு."



"அந்தக் கட்டில்ல படுங்கம்மா" என்றாள் பிசியோ பெண். "இந்த வயசுலயும் பலன் இருக்கும். காத்துப் பிரியறத அடக்குற மாதிரி உள்ள இழுங்க. மூச்சப் புடிக்காதீங்க."

தையற்காரி படுத்தாள்; முயன்றாள்; வயிறுதான் இறுகியது. "எங்க இருக்குன்னே தெரியலயே!"

"எனக்கும்தான் தெரியல. தேடிப் பாரு" என்றாள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்ட மகள்.

தையற்காரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மறுபடியும் உள்ளே இழுத்தாள்.